இதயம் மாற்றிய கார் – 3: குருவி தலையில் பனங்காய்

சென்ற வாரம் தேம்ஸ் டிட்டனில் நிறுத்தியிருந்தோம். லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்து ஊர் அது. ஏ.சி. கார்ஸ் என்ற சின்ன நிறுவனம் அங்கே கையால் கார் செய்துகொண்டிருந்தது. 1953-ல் வந்த அவர்களுடைய ‘ஏஸ்’ அத்தனை அழகான கார். மூன்று அங்குலக் குழாய் இரண்டை நீளவாக்கில் வைத்துச் சட்டம், முன்னும் பின்னும் குறுக்கே ஒவ்வோர் இலைவில், மேலே தட்டி வளைத்த அலுமினியத் தகடு. வளைவில் போகும்போது அந்தக் காரைப் பிடிக்க அந்நாளில் அதிகம் பேர் இல்லை.

அதன் குறை எஞ்சின். ஏ.சி.யின் சொந்த எஞ்சின் 1919-ல் வரைந்தது. பிறகு பிரிஸ்டல் நிறுவனத்திடமிருந்து 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஆறு சிலிண்டர் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார்கள். அதன் மூலமும் போருக்கு முந்தைய பி.எம்.டபிள்யூ. வடிவம்தான். நன்றாக முறுக்கிவிட்டால் 128 குதிரைத்திறன் தரும். 1961-ல் பிரிஸ்டல் அதையும் கைவிட்டது. ஏ.சி.யிடம் நல்ல உடம்பு இருந்தது, உயிர் இல்லை. இங்கிலாந்து போர்டு செபிர் காரின் 2.6 லிட்டர் எஞ்சினை வைத்துச் சமாளித்துப் பார்த்தார்கள். அப்படிச் செய்த கார்கள் நாற்பதைக்கூட எட்டவில்லை.

அந்த செப்டம்பரில்தான் அமெரிக்காவிலிருந்து விமானத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் காரில் அமெரிக்க வி-8 எஞ்சினை வைத்துத் தருவீர்களா என்று கேட்டிருந்தது. எழுதியவர் கரோல் ஷெல்பி.

*

யார் இந்த ஷெல்பி?

1923-ல் டெக்சாஸில் பிறந்தவர். போருக்குப் பிறகு கோழிப்பண்ணை வைத்தார். முதல் தொகுதிக் கோழிகளில் நல்ல லாபம். இரண்டாம் தொகுதி நோயில் மடிந்துபோனது. பிறகுதான் கார்ப் பந்தயம். பண்ணையில் போடும் கோடு போட்ட முழு உடுப்போடு ஓட்டுவார், அதுவே அவருக்கு அடையாளமாகிவிட்டது. 1959-ல் ராய் சல்வதோரியுடன் சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். பந்தய ஓட்டுநர் ஒருவர் அதற்கு மேல் ஆசைப்பட என்ன இருக்கிறது?

ஆனால் அவருக்கு இதயம் சரியில்லை. ஓட்டும்போதே நெஞ்சு வலிக்கும். நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு பந்தயம் முடித்த நாட்கள் உண்டு. 1960-ம் ஆண்டோடு ஓட்டுவதை விட்டார். வயது முப்பத்தேழு. கையில் பெரிய பணம் இல்லை, பட்டறையும் இல்லை. ஐரோப்பியக் காரின் உடம்பில் அமெரிக்க எஞ்சினின் பலத்தை ஏற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணம் மட்டும் பல வருடமாக உள்ளே இருந்தது. தன் இதயம் கைவிட்ட பிறகு ஒரு காருக்கு இதயம் தேடிப் போன அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தத் தொடரை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

செவ்ரோலே பக்கம் கேட்டுப் பார்த்தார். அவர்களிடம் ஏற்கெனவே கோர்வெட் இருந்தது. தங்கள் காருக்கே போட்டியை வளர்த்துவிட அவர்களுக்கு என்ன தலையெழுத்து? மறுத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து போர்டிடம் புது எஞ்சின் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஃபேர்லேன் காருக்கென்று செய்த 3.6 லிட்டர் வி-8. வார்ப்பிரும்புதான், ஆனால் சுவரை மெலிதாக வார்க்கும் புது முறையில் வார்த்தது. பழைய வி-8 எஞ்சின்களின் பக்கத்தில் வைத்தால் இது பொட்டலம் போல இருக்கும். எடை சுமார் 200 கிலோ. எட்டு சிலிண்டர் இரும்பு எஞ்சினுக்கு இது எவ்வளவு குறைவு என்பது, செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்கி இறக்கியவர்களுக்குத் தெரியும்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். ஷெல்பி செய்த தரகு அந்த வகை. ஏ.சி.யிடம் எஞ்சினுக்கு ஏற்பாடு இருக்கிறது என்ற தோரணையில் பேசினார். போர்டிடம் கார் கையில் இருக்கிறது என்ற தோரணையில் பேசினார். அன்றைக்கு அவர் கையில் இரண்டுமே இல்லை. ஆனால் இரு வீட்டுக்கும் தேவை இருந்தது. ஏ.சி.க்கு எஞ்சின் இல்லாமல் தொழில் நடக்காது, போர்டுக்குக் கோர்வெட்டை முந்த ஏதாவது வேண்டும். பொருத்தம் கூடிவிட்டது.

*

பெண் பார்த்தாயிற்று. இனி அளவு எடுக்க வேண்டும்.

எஞ்சின் மாற்றுவது என்றால் பழையதைக் கழற்றிப் புதியதைத் திணிப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். அது கால்வாசி வேலை. ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின் நீளமானது, ஒல்லியானது. வி-8 குட்டையாக அகன்றிருக்கும். ஏஸ் காரின் பேனட்டுக்கு அடியில் அது உட்கார்ந்தால் பக்கவாட்டில் ஸ்டியரிங் பாக்ஸ் இடிக்கிறது. ஆகவே ஸ்டியரிங் பாக்ஸை வெளிப்பக்கம் தள்ளினார்கள். செபிர் எஞ்சினுக்காகக் காரின் மூக்கை ஏற்கெனவே மாற்றியிருந்ததால், முன்பக்கத்தில் பெரிய மாற்றம் அது ஒன்றுதான். எஞ்சின் கச்சிதமாக அமர்ந்துவிட்டது.

பின்பக்கம்தான் சங்கடம். எஞ்சின் தரும் முறுக்குவிசை கியர் பாக்ஸ் வழியே போய், டிஃபரன்ஷியலில் பிரிந்து, ஆக்சில் தண்டு வழியே ஹப்புக்கு வந்து, அங்கிருந்து சக்கரத்தை உருட்டுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்ததோ அது உடையும். பிரிஸ்டல் தந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் முறுக்கு இப்போது அந்த வழியே போகப்போகிறது. குருவி தலையில் பனங்காய். ஏ.சி.யின் பொறியாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. பழைய டிஃபரன்ஷியலைக் கழற்றிவிட்டு, ஜாகுவார் ஈ-டைப்பில் இருக்கும் வலுவான சாலிஸ்பரி யூனிட்டைப் போட்டார்கள். முதல் காரில் பின் பிரேக் டிஸ்க்குகளைக்கூட அந்த யூனிட்டை ஒட்டியே உட்பக்கம் வைத்தார்கள்.

டிஃபரன்ஷியலை மாற்றினார்கள், சரி. அதற்கு வெளியே, சக்கரம் மாட்டும் இடத்தில் இருக்கும் ஹப்? இந்தக் கேள்வியை வாசகர்கள் ஒரு மூலையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் போர்டு எஞ்சினைப் பெரிதாக்கிவிட்டது. 3.6 லிட்டர் போய் 4.2 லிட்டர் வந்தது. திறன் கூட்டிய வடிவத்தில் 260 குதிரைத்திறன். ஒரு டன்னைக்கூட எட்டாத கார், அதற்கு முன்னிருந்ததைப் போல் இரு மடங்கு பலம்.

தேம்ஸ் டிட்டனில் சோதனை முடிந்ததும் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கழற்றிவிட்டு, வெறும் காரை மட்டும் விமானத்தில் ஏற்றினார்கள். 1962 பிப்ரவரி 2. சேஸிஸ் எண் சி.எஸ்.எக்ஸ். 2000. போன இடம் லாஸ் ஏஞ்சலிஸ்.

*

லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் டீன் மூன் என்பவருக்கு ஒரு பட்டறை இருந்தது. பழைய கார்களைப் பிரித்து, முறுக்கி, வேகம் கூட்டி ஓட்டும் கலிஃபோர்னியா இளைஞர்களுக்கு அது புனிதத் தலம். ஷெல்பிக்கு ஒதுங்க இடம் கொடுத்தவரும் மூன்தான்.

எஞ்சின் இல்லாத கார் வந்து நின்றது. பேனட் திறந்தால் வெற்றிடம். பக்கத்தில் போர்டு வி-8, அதன் பின்னே நாலு கியர் போர்க்-வார்னர் பெட்டி. இரண்டையும் சேர்த்துத் தூக்கி, மூக்கைச் சற்று உயர்த்தி, பின்பகுதியை முதலில் உள்ளே விட்டு இறக்க வேண்டும். ஒரு பக்கம் ஸ்டியரிங் தண்டு, இன்னொரு பக்கம் அலுமினியத் தகடு. தகட்டில் ஸ்பேனர் பட்டால் குழி விழும். மவுண்டில் துளை சரியாக வந்து சேர்ந்து முதல் போல்ட் கையாலேயே திரும்பும் கணம் இருக்கிறதே, பட்டறையில் நின்று அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிறகு பெட்ரோல் குழாய், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச், வயர்கள், புகைக்குழாய்.

எட்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. வர்ணம்கூட அடிக்காத வெறும் அலுமினிய உடம்போடு அந்தக் காரைச் சாலையில் இறக்கிவிட்டார்கள்.

எட்டு மணி நேரம் என்றதும் ஏதோ மாயம் போலப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த எட்டு மணி நேரத்துக்குப் பின்னால் தேம்ஸ் டிட்டன் கைவினைஞர்களின் பல வார அளவெடுப்பு இருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸை நகர்த்தியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பாராட்டில் பாதி அவர்களுக்குச் சேர வேண்டியது.

காருக்குப் பெயர் வேண்டும். கனவில் வந்தது என்றார் ஷெல்பி: கோப்ரா. நல்ல பாம்பு!

கையில் இருப்பது ஒரே கார். பத்திரிகைகளோ ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்க்கக் கேட்கின்றன. ஒவ்வொரு முறையும் அதே காருக்கு வேறு வர்ணம் அடித்து அனுப்பினார் ஷெல்பி. படிப்பவர்கள் கோப்ரா வரிசையாகத் தயாராகி வருகிறது என்று நம்பினார்கள். ஏப்ரலில் நியூயார்க் கண்காட்சியில் முத்து மினுக்கும் மஞ்சளில் அது நின்றது. ‘ரோடு அண்ட் டிராக்’ இதழ் ஓட்டிப் பார்த்தபோது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டரை 4.2 விநாடியில் தொட்டது. கேள்விப்பட்ட இளைஞர்கள் ஆர்டர் கொடுக்க வந்தார்கள்.

காகிதத்தில் எல்லாம் சரி. பந்தயத்தில்?

*

1962 அக்டோபர் 13. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு ஓடுதளம். மூன்று மணி நேரப் பந்தயம்.

அன்றுதான் செவ்ரோலேயும் தன் புத்தம்புதிய கோர்வெட் ஸ்டிங் ரேயைப் பந்தயத்தில் இறக்கியது. ஷெல்பிக்கு எஞ்சின் தர மறுத்த அதே செவ்ரோலே. ஒரு பக்கம் கண்ணாடியிழை உடம்போடு நாலு ஸ்டிங் ரே, எதிரே கோப்ரா ஒன்றே ஒன்று. ஓட்டியவர் பில்லி கிராஸ். கோர்வெட்டைவிடக் கோப்ரா ஏறக்குறைய 400 கிலோ இலகு.

கொடி அசைந்தது. பில்லி கிராஸ் முன்னேறினார். கோர்வெட்டுகளைத் தாண்டினார். இடைவெளி சுற்றுக்குச் சுற்று விரிந்தது. ஒல்லியான இங்கிலீஷ் உடம்பில் புகுந்த அந்த வி-8, தன்னைவிடப் பெரிய நிறுவனத்தின் காரைத் திணறடித்துக்கொண்டிருந்தது. பாய்ச்சலில் கோர்வெட்டுக்கு ஈடு, பிரேக் பிடிப்பதில் அதற்கு மேல்.

அப்போது பின்பக்கம் உடைந்தது.

எஞ்சின் உடையவில்லை. கியர் பாக்ஸ் உடையவில்லை. ஜாகுவாரிடமிருந்து எடுத்த டிஃபரன்ஷியலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூலையில் முடிந்து வைக்கச் சொன்னேனே, அந்தப் பின்சக்கர ஹப். முன்னணியில் இருந்த கார் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. வென்றது ஒரு ஸ்டிங் ரே.

காரின் வேகத்தை அன்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதன் எலும்பில் எங்கே பலவீனம் என்பதையும் பார்த்துவிட்டார்கள். தேம்ஸ் டிட்டனில் கார் உடல்கள் உருவாகிக்கொண்டே இருந்தன. வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். அந்த ஹப்பை மாற்றாமல் இன்னொரு கோப்ராவைப் பந்தயத்துக்கு அனுப்ப முடியாது. இதே ரிவர்சைடு ஓடுதளத்தில் மறுபடி கோர்வெட்டைச் சந்திக்க நான்கு மாதம்கூட இல்லை.

(தொடரும்)