பாலாடையில் ஊற்றியது என்ன?

ஆந்திர எல்லையோரத்து எங்கள் நகரிப் பக்கத்து வீட்டு பீரோக்களில் துணி மடிப்புக்குள் ஒரு பாலாடை இருக்கும். வெள்ளியிலோ வெண்கலத்திலோ செய்த, உள்ளங்கைக்குள் அடங்கும் கிண்ணம். ஒரு பக்கம் மூக்கு குறுகி நீண்டிருக்கும். பத்து மில்லிக்கு மேல் பெரும்பாலும் பிடிக்காது. அந்த மூக்கின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பிஞ்சு உதடு அறுந்துவிடக் கூடாதென்று ஆசாரி எவ்வளவு பொறுமையாக ராவியிருக்கிறார்! தெலுங்குக்காரர் வீட்டிலும் இதே பாத்திரம்தான், உக்குகின்னெ என்பார்கள். எங்கள் பக்கத்து எல்லைகள்தான் மாறிக்கொண்டே இருந்தன. 1911இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் உண்டாக்கினார்கள். 1953இல் அது ஆந்திராவோடு போனது. 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைகள் குடித்தது ஒரே மாதிரிப் பாலாடையில்தான்.

நர்ஸ் வேலையில் எடை ஏறாத குழந்தைகளைத்தான் நான் அதிகம் கையில் எடுத்திருக்கிறேன். அதனால் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. மாதம் முற்றாமல் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒருசேர வராது. பொதுவாக முப்பத்து நாலு வாரம் ஆனால்தான் அது கூடும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தராத காலத்திலேயே, மார்பில் வாய் வைத்துச் சோர்ந்துபோன பிள்ளைக்குப் பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரையேற்றியிருக்கிறார்கள் நம் பாட்டிமார்.

ஆனால் அதே பாலாடையில் வேறு என்னென்னவோ ஊற்றினார்கள். பிறந்தவுடன் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர், தேன். பிறகு வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் உரசிய உரைமருந்து. தெருவில் கழுதையை ஓட்டி வருகிறவரிடம் ஒரு சங்கு கழுதைப்பால். சீம்பாலையோ, மந்தம் என்று சொல்லிப் பீய்ச்சிக் கீழே விட்டார்கள். முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன் பாலுக்கு மேல் கேட்காது. அந்த இடத்தைச் சர்க்கரைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் பிள்ளை மார்பைத் தேடாது; தேடாத மார்பில் பால் ஊறாது. பிறகு 'பால் பத்தலை' என்ற பேச்சு. தேறாத பிள்ளைக்குத் தோஷம் என்று தாயத்து கட்டினார்கள். எத்தனை தாய்மார் தங்கள் உடம்பில்தான் குறை என்று நம்பி அழுதிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

அப்புறம் டப்பா வந்தது. கிளாக்ஸோ, பிறகு எருமைப்பாலிலிருந்து மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. கண்ட முறையில் அமுல் குழந்தை உணவு. கூடவே ரப்பர் காம்பு வைத்த புட்டி. பாலாடை பட்டிக்காட்டுச் சாமானாகிவிட்டது. டப்பா விலை கட்டுப்படியாகாத வீட்டில் ஒரு கரண்டி மாவுக்குத் தண்ணீரைக் கூட்டினார்கள். வயிறு நிறையும், உடம்பு தேறாது. கழுவிக் காயாத காம்பிலிருந்து பேதி வேறு. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் 1939லேயே தாய்ப்பாலுக்குப் பதில் டப்பாப் பாலைப் பரப்புவதைக் கொலை என்று மேடையில் சொன்னார். உலக சுகாதார அமைப்பு விதி வகுக்க 1981 ஆனது. புட்டிக்கும் பால்மாவுக்கும் விளம்பரம் கூடாதென்று நம் நாட்டில் சட்டம் 1992இல் வந்தது.

பாலாடைக்கு மறுபடி மதிப்பு வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். 1999இல் டாக்டர் இந்திரா நாராயணன் முதலானோர் வெளியிட்ட ஆய்வில் பாலாடை, கிண்ணம், புட்டி மூன்றையும் ஒப்பிட்டார்கள். பாலாடையில்தான் பிள்ளைகள் குறைந்த நேரத்தில் அதிகம் குடித்தன, அமைதியாகவும் இருந்தன. இன்று வார்டுகளில் எவர்சில்வர் பாலாடை, ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்து எடுத்தது.

ஊட்டும் விதமும் மாறியிருக்கிறது. பாட்டிமார் காலை நீட்டி, பிள்ளையை மல்லாத்தி, அழ அழ ஊற்றுவார்கள், புரை ஏறும். நாங்கள் தலையைத் தாங்கி நிமிர்த்தி உட்கார வைத்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சாய்ப்போம். ஒரு வாய் விழுங்கினதைக் கழுத்தில் பார்த்த பிறகுதான் அடுத்தது.

பலமநேரிலிருந்து வந்த ஒரு மாமியார் என் கையிலிருந்த மஞ்சள் சீம்பாலைப் பார்த்துவிட்டு, "நர்ஸம்மா, இத குடுத்தா புள்ளைக்கு ஆவுமா?" என்று கேட்டார். "இதுதான் பெரியம்மா அதுக்கு முதல் தடுப்பூசி" என்றேன். முதல் சில நாளில் எடை பத்தில் ஒரு பங்கு வரை இறங்கலாம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும், அப்புறம் நாளுக்கு இருபத்தைந்து முப்பது கிராம் ஏறும் என்று தராசையும் காட்டினேன். முதல் சில நாள் கழிந்தபின் ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறைவாக மூத்திரம் போனாலோ, எழுப்பியும் குடிக்காமல் தூங்கினாலோ தாயத்துக்கு அலையாமல் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எங்க வூட்டு வெள்ளிப் பாலாடைய கொண்டாரட்டுமா?" என்றார். நன்றாகக் கொதிக்க வைத்துக் கொண்டுவாருங்கள் என்றேன்.