வார இதழ் ஓவியங்களும் தொடர்கதையின் பாட வரலாறும்

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுவோர், நூல்வடிவில் அச்சேறிய பாடத்தையே சான்றாகக் கொள்வது வழக்கம். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் புகழ்பெற்ற கதைகள் பல, முதலில் நூலாகத் தோன்றியவை அல்ல. அவை வாரந்தோறும் இதழ்களில், ஓவியங்களோடு இணைந்து வெளிவந்தவை. அன்று அவற்றைப் படித்தோர் சொல்லை மட்டும் படித்தாரல்லர். படத்தையும் உடன் படித்தனர். அவ்வோவியங்களை வெறும் அணியென ஒதுக்குதல் தகுமா, அன்றிப் பாடத்தின் ஒரு கூறாகவே கொள்ளுதல் வேண்டுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வண்ணம் தீட்டாது கோட்டினால் மட்டும் வரையும் முறை தமிழர்க்குப் புதிதன்று. ‘புனையா ஓவியம்’ என்னும் பெயர் நெடுநல்வாடையிலேயே காணப்படுகின்றது. எனினும், அச்சுத்தாளில் கோட்டோவியம் பொதுமக்களை நோக்கிப் பேசத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாம். 1906இல் சென்னையில் தோன்றி, 1908இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்து, 1910இல் நின்றுபோன ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் அரசியற் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். படத்தின் பொருளை விளக்கும் உரையும் உடன் அமைந்தது. படத்தைப் படிக்கும் பழக்கத்தை மக்களுக்குப் பயிற்றுவித்த தொடக்க முயற்சி இது எனலாம்.

அடுத்த தலைமுறையில் அத்தகைய விளக்கவுரை வேண்டாததாயிற்று. 1926இல் தோன்றிய ‘ஆனந்த விகடன்’, 1928இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்தபின் பெருவளர்ச்சி எய்தியது. அவ்விதழில் நகைச்சுவை ஓவியத்திற்கு ஓர் இலக்கணம் வகுத்தவர் மாலி எனப்படும் டி. ஆர். மகாலிங்கம் ஆவர். இசைக்கலைஞர்கள் மேடையில் பாடும்பொழுதும் வாசிக்கும்பொழுதும் அவர்தம் முகமும் கையும் கொள்ளும் நிலைகளை அவர் சில கோடுகளில் பிடித்தார். மிகைப்படுத்தினும் இழிவுபடுத்தாமை அவர்தம் கேலிச்சித்திரத்தின் பண்பு. பின்வந்த ஓவியர்க்கு அவர் வழிகாட்டியாகவும் விளங்கினார். கோபாலன் ‘கோபுலு’ ஆனதும், சீனிவாசன் ‘சில்பி’ ஆனதும் மாலி இட்ட பெயர்களாலேயே என்பர்.

இக்காலத்து ஓவியம் ஏன் கோட்டையே பெரிதும் சார்ந்து நின்றது என்னும் வினா எழலாம். அதற்கு அழகுணர்ச்சியோடு அச்சுத்தொழிலும் காரணமாகும். ஓவியர் கருமையால் வரைந்த படத்தை நிழற்படமாக்கி, அதனைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் பொருத்தினால் ‘பிளாக்கு’ உருவாகும். அதனை ஈய எழுத்துகளோடு ஒருங்கே முடுக்கி ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். சாயல்களைப் புள்ளிகளாக்கிக் காட்டும் பிளாக்கும் உண்டு. ஆயின் சொரசொரப்பான செய்தித்தாளில் அப்புள்ளிகள் மை பரவிக் கலங்கிவிடும். கோடோ தெளிவாக நிற்கும். படத்தைச் சுருக்கிப் பிளாக்கு எடுப்பதும் உண்டாதலின், மிக நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே எந்தக் கோட்டை விடுவது என்னும் தேர்வு ஓவியர்க்கு இன்றியமையாததாயிற்று. கோபுலுவின் படங்களில் வெற்றிடம் மிகுதியாகக் காணப்படுவதை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் வேண்டும். தொழிலின் குறை கலையின் நிறைவாக மாறிய இடம் இது.

இனி, கதைக்கும் படத்திற்கும் உள்ள உறவை நோக்குவோம். தஞ்சையில் 1924இல் பிறந்து 2015இல் மறைந்த கோபுலு, கொத்தமங்கலம் சுப்பு எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ விகடனில் தொடராக வந்தபோது அதற்கு ஓவியம் வரைந்தார். நாகசுரக் கலைஞர் ஒருவரையும் ஆடல்நங்கை ஒருத்தியையும் நடுவாகக் கொண்ட அக்கதையில், ஒலியும் அசைவுமே உயிர். அச்சில் ஒலி இல்லை, அசைவும் இல்லை. அக்குறையை ஓவியம் நிரப்பியது. குழலை ஏந்திய தோளின் சாய்விலும், சூழ்ந்திருப்போர் தலைகள் திரும்பும் திசையிலும் இசையைக் காட்டினார் கோபுலு. 1968இல் அக்கதை திரைப்படமாக வெளிவருவதற்கு முன்னரே, விகடன் வாசகர் அதன் மாந்தரைக் கண்ணாற் கண்டிருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இன்னும் தெளிவான சான்று. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த அப்பெருங்கதைக்கு ஓவியம் தீட்டியவர் மணியம் (1924–1968). கல்வெட்டும் செப்பேடும் சோழர் காலத்தின் பெயர்களையும் செயல்களையும் தரும், முகங்களைத் தருவதில்லை. முகத்தை மணியம் தந்தார். அணிகலன், ஆடை, கூந்தல் முடிப்பு ஆகியவற்றில் சிற்பமரபின் சாயல் படிந்திருப்பினும், அவற்றைப் பாத்திரத்திற்கேற்பப் பகுத்தளித்தது அவர்தம் புனைவாற்றலே. நந்தினிக்கு அவர் அமைத்த சாய்ந்த கொண்டை ஆண்டாள் திருவுருவை நினைவூட்டுவது. குந்தவைக்கு அமைந்ததோ உயர்ந்து நிற்பது. இருவரும் எதிர்நிற்கும் பகுதிகளில், உரையாடலைப் படிக்குமுன்னரே அவ்வேறுபாடு வாசகர் மனத்தில் பதிந்துவிடுகின்றது. இங்கு ஓவியம் கதைக்கு உரையாகின்றது.

‘படிக்குமுன்னரே’ என்றோம். இது கருதத்தக்க செய்தி. தொடர்கதையின் ஓவியம் பெரும்பாலும் பகுதியின் முகப்பில் இடம்பெறும். வாசகர் நிகழ்ச்சியைப் படத்தில் கண்ட பின்னரே சொல்லில் காண்பர். ஆகவே ஓவியர், முடிவை வெளியிடாமலும் ஆர்வத்தைத் தூண்டியும் நிற்கும் ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வாரந்தோறும் நிகழ்ந்த இத்தேர்வு, கதையின் எப்பகுதி உயிர்நிலை என்பதுபற்றி அக்காலத்தார் ஒருவர் அளித்த தீர்ப்பேயாகும். அத்தகைய திறனாய்வுச் சான்றைத் தேடுவோர் அதனைப் பிறிதோரிடத்திற் காண்டல் அரிது.

இவ்வோவியங்கள் புனைவுக்கு மட்டும் துணைநின்றவை அல்ல. நாமக்கல்லில் பிறந்து சென்னை ஓவியப்பள்ளியிற் பயின்ற சில்பி, கோயிற் சிற்பங்களை நேரிற்கண்டு வரைந்தார். தேவன் உரையெழுத, ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் தலைப்பில் அவை விகடனில் வெளிவந்தன. கருவி பதிவுசெய்யும் நிழற்படத்தில் இருளும் எண்ணெய்ப்படிவும் மறைக்கும் உறுப்புகளைக் கோடு பிரித்துக்காட்டும். ஆயினும் ஓவியர் கை சிதைவை நிறைவுசெய்திருக்கக்கூடும் என்பதையும் ஆராய்ச்சியாளர் மறத்தல் ஆகாது. சில்பியின் படத்தைச் சிற்பத்தோடு ஒப்பிட்டே சான்றாக்குதல் நெறி.

இத்துணைச் செல்வமும் இன்று எந்நிலையில் உள்ளது? தொடர்கதைகள் நூலானபோது ஓவியங்கள் பெரும்பாலும் விடுபட்டன. இடம்பெற்ற பதிப்புகளிலும் எந்த வாரத்தில் எப்பகுதியின் முகப்பில் அமைந்தன என்னும் குறிப்பு அரிது. நூலகங்களில் இதழ்களைக் கட்டடம் செய்வோர் மேலட்டையைக் களைந்துவிடுவதுண்டு; அதனோடு வண்ண முகப்போவியமும் போயிற்று. எஞ்சியவற்றைக் காத்தவை பெரிதும் இல்லங்களே. தொடரின் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, முடிவில் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் பல. அவர்கள் அதனை ஆராய்ச்சி என்று கருதவில்லை. மீண்டும் படிக்கும் ஆசையால் செய்தனர். ஆயினும் முதற்பாடம் படத்தோடு நமக்குக் கிடைப்பது அத்தொகுதிகளில்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்து, நூலும் இதழும் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்தவையே 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்திற்கு அடித்தளமாயின. ஓவியர் ஒருவர் இதைச் செய்தார் என்பது தற்செயலாயினும் பொருத்தமுடையதே.

செய்தித்தாள் நாளடைவில் மஞ்சளித்து ஒடிந்து உதிர்வது. ஏட்டுச்சுவடிகள் செல்லரித்தபோது நம் முன்னோர் ஊர்தோறும் அலைந்து தேடினர். அத்தேட்டத்தின் பயனை நாம் இன்று துய்க்கின்றோம். வீட்டுப் பரண்களில் கிடக்கும் பைண்டுத் தொகுதிகளும் அவ்வகைச் சுவடிகளே. கதை, வாரம், நாள், ஓவியர் பெயர், படம் அமைந்த இடம் ஆகியவற்றைக் குறிக்கும் அட்டவணை ஒன்றை ஆய்வு மாணவர் தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். பாடவேறுபாடு காண்போர் ஒரு சொல் மாறினும் குறிப்பெழுதுகின்றனர். ஒரு படம் முழுதும் மறைந்தமைக்குக் குறிப்பின்றிக் கடப்பது முறையன்று.