குரங்கணி: மலையேற எதுக்குங்க பெர்மிஷன்?

திருமுருகன்பூண்டியிலிருந்து பேசறேன். நம்ம ட்ரெக்கிங் குழுவுல புதுசா சேர்றவங்க கேட்கிற முதல் கேள்விதான் தலைப்பு. பதில் 2018 மார்ச் 11-ல இருக்கு.

அன்னைக்குத் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னை ட்ரெக்கிங் கிளப்போடு போனவர்களும், நம்ம ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனவர்களும் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள்.

மார்ச்சில் புல் காய்ந்திருக்கும். சரிவில் தீ, மேலே உள்ள புல்லை முன்னாடியே சூடாக்கிடும். அதனால மேலேறும் வேகம் அதிகம். மனுஷன் ஓடி ஜெயிக்க முடியாது.

அதன்பிறகு அதே ஆண்டு அரசு மலையேற்ற விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' 40 பாதைகளோடு தொடங்கியது: ஆன்லைன் பதிவு, உள்ளூர் வழிகாட்டிகள். மலைமேல் யார் யார் இருக்காங்கன்னு கீழே ஒருத்தருக்குத் தெரியணும். பெர்மிஷன் அதுக்குத்தாங்க.