எண் முடிந்ததை அறிவது யார்? இணையவழித் தொலைபேசியில் கையால் டயல் செய்தல்

இணையவழித் தொலைபேசியை வடிவமைப்போரிடையே ஒரு கருத்து பரவலாக உண்டு: பெயரைத் தொட்டாலே அழைப்புப் போகும் காலத்தில், இலக்கம் இலக்கமாக அழுத்துபவருக்காக மெனக்கெட வேண்டியதில்லை. எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் இது சரிதான். ஆனால் டயல் செய்வது விரலின் வேலை மட்டுமன்று. அழுத்திய இலக்கங்கள் எந்தக் கணத்தில் முழு எண்ணாகின்றன, அதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. இணையத் தொலைபேசி அந்தக் கேள்வியை முன்னைவிடக் கடினமாக்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி முறையிலிருந்து வளர்ந்த இணைப்பகங்களில், ஒவ்வொரு இலக்கமும் சுழன்றவுடன் தேர்விக் கருவியை நகர்த்தி அழைப்பை ஒரு கட்டம் முன்னே கொண்டுசென்றது. எண் எங்கே முடிகிறது என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை; கடைசிக் கட்டத்தில் மணி அடித்தது. இணையவழி அழைப்புகளைத் தொடங்கிவைக்கும் சிப் (SIP) நெறிமுறை 2002இல் ஆர்.எஃப்.சி. 3261 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது; அதில் அழைப்புக் கோரிக்கையே முழு முகவரியைச் சுமந்து செல்கிறது. அனுப்பும் முன்பே எண் முடிந்துவிட்டதைக் கருவி அறிந்திருக்க வேண்டும். கைபேசியின் பச்சைப் பொத்தான் இந்தப் பொறுப்பைப் பயனர் தலையில் வைத்துத் தப்பித்துக்கொள்கிறது. இணையத்தோடு இணைக்கும் அடாப்டரில் செருகிய பழைய தொலைபேசிக்கு அப்படியொரு பொத்தான் இல்லை. ஆகவே அடாப்டர் தன்னிடமுள்ள எண் வடிவங்களின் பட்டியலோடு ஒப்பிட்டும், விரல் ஓய்ந்திருக்கும் நேரத்தை அளந்தும் ஊகிக்கிறது. இத்தகைய கருவிகளைக் கட்டுப்படுத்தும் எம்.ஜி.சி.பி. (MGCP) நெறிமுறை சொல்லும் இயல்புநிலைக் காத்திருப்பு, அழுத்தியதே ஒரு முழு எண்ணாக இருக்கக்கூடுமானால் 4 நொடி. இல்லையேல் 16 நொடி. பதினாறு நொடி மௌனத்தைக் கேட்டு ரிசீவரை வைக்காதவர் அரிது.

எண்ணின் நீளம் நிலையாக இல்லாத ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் பட்டியலும் முழுதாகக் கைகொடுக்காது. இலக்கம் சேரச் சேரக் கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பி, எண் போதவில்லை என்ற 484 பதிலை வாங்கும் வழியொன்று 2003இல் ஆர்.எஃப்.சி. 3578இல் வகுக்கப்பட்டது. அந்த ஆவணமே அதைக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்கிறது.

எது முழு எண் என்பதை அமைப்பு தவறாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கசப்பான சான்று உண்டு. 2013 டிசம்பரில் டெக்சஸின் மார்ஷல் நகரில் விடுதி அறையொன்றில் காரி ஹன்ட் என்ற பெண் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அவசர உதவி எண்ணான 911ஐ நான்கு முறை அழுத்தியும் அழைப்புப் போகவில்லை. வெளி இணைப்புக்கு முதலில் தனியாக ஒரு 9 தேவை என்று குழந்தை எப்படி அறியும்? 2018இல் இயற்றப்பட்ட காரி சட்டம், 2020 பிப்ரவரி 16க்குப் பின் நிறுவப்படும் அலுவலக, விடுதித் தொலைபேசி அமைப்புகளில் முன்னெண் இல்லாமலே 911 செல்ல வேண்டும் என்கிறது. அங்கே தோற்றது இணைய நெறிமுறையன்று, எண் திட்டம். ஆனால் இணையத் தொலைபேசி அதே திட்டங்களை அப்படியே சுவீகரித்துக்கொள்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியிணைப்புக்கு 9, தொலைதூரத்துக்கு 1 என்று பழகிய கை 1ஐத் தவறி இருமுறை அழுத்தினால் அவசர உதவி மையத்தில் மணி அடிக்கும். வட அமெரிக்க வட்டாரக் குறியீடு எதுவும் 1இல் தொடங்காததால், 911ஐக் கண்டவுடன் காத்திராமல் இணைப்பதே சரியான வடிவமைப்பு. இங்கே அந்தச் சரியான முடிவே வீண் அழைப்புகளையும் பெருக்குகிறது.

இந்தியாவில் 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைக்க 0 சேர்க்க வேண்டும் என்றானபோது, +91 உடன் எண்களைச் சேமித்த கைபேசிக்காரர்களை அது தொடவேயில்லை. வீட்டுத் தொலைபேசியில் கையால் அழுத்துபவர்தான் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. எண் திட்டம் மாறும்போதெல்லாம் சுமை இப்படி டயல் செய்பவர்மீதே இறங்குகிறது. புள்ளிவிவரத்தில் அவர்கள் சிறுபான்மையினர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரவல் தொலைபேசியில் அழைப்பவரும் விடுதியறையில் உதவி தேடுபவரும் அந்தச் சிறுபான்மையில்தான் இருக்கிறார்கள். தொடர்புப் பட்டியல் அவர்கள் கையில் இல்லை.

ஆகவே அமைப்பை நிறுவுவோர் முதலில் தொட வேண்டியது திரையை அன்று, வெளியிணைப்பு இலக்கத்தை. 9க்குப் பதில் 8ஐ வைத்தால் தவறிய 1 அவசர எண்ணாகாது. 911க்கும் காத்திருப்பு வேண்டாம். உள் இணைப்பு எண்கள் 8இலும் 9இலும் தொடங்காதபடி மாற்றியமைக்க வேண்டிவரும். பெரிய நிறுவனத்தில் அது சில வார வேலை.