வார்பர்க் விளைவு

ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதும் புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை முழுவதும் எரிக்காமல், பெரும்பகுதியை லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளும் இயல்பு. ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் (1883–1970) 1920களில் இதைக் கண்டறிந்தார். அவர் அளந்தது சரி. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் பெரும்பாலான புற்றுநோய்களுக்குப் பொருந்தவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு பைருவேட்டாக உடையும்போது செல்லுக்கு நிகரமாக ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு 2 கிடைக்கிறது. அந்தப் பைருவேட், செல்லின் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று ஆக்சிஜனால் முழுமையாக எரிந்தால் மொத்தம் 30 முதல் 32 வரை தேறும். (பழைய பாடநூல்கள் சொல்லும் 38, நடைமுறை இழப்புகளைக் கழிக்காத எண்.) வார்பர்க் ஆய்வைத் தொடங்கிய நாளில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. மைட்டோகாண்ட்ரியா என்ற பெயரை 1898இல் கார்ல் பெண்டா சூட்டிவிட்டார் என்றாலும், ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி ஆக்கும் இடம் அதுவே என்பதை யூஜீன் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் 1940களின் இறுதியில்தான் காட்டினார்கள்.

வார்பர்க்குக்குத் தூண்டுதலாக அமைந்தது கடல் முள்ளெலியின் முட்டை. கருவுற்றதும் அது உட்கொள்ளும் ஆக்சிஜன் பல மடங்கு கூடுவதை 1908இல் அவர் கண்டிருந்தார். வேகமாக வளரும் கட்டியும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து, எலிகளின் கட்டிகளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சீவல்களாக வெட்டினார். சீவல் தடித்தால் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் எட்டாது. மூச்சுத் திணறலால் உண்டாகும் அமிலம் கட்டியின் இயல்பாகத் தோற்றம் தந்துவிடும். சீவலைச் சிறு குடுவையில் இட்டு, உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிய நீரில் ஆட்டியபடி, குடுவையோடு இணைந்த மானோமீட்டரில் வாயு அழுத்தம் மாறுவதைப் படித்தார். ஆக்சிஜன் செலவு எதிர்பார்த்தபடி உயரவில்லை. லாக்டிக் அமிலமோ ஏராளமாகச் சுரந்தது. செல்லின் சுவாசம் மீளமுடியாதபடி பழுதடைவதே புற்றுநோயின் மூலகாரணம் என்ற முடிவுக்கு வந்தார். 1931இல் அவர் பெற்ற நோபல் பரிசு இதற்கானது என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அது சுவாச நொதியைப் பற்றிய ஆய்வுக்குக் கிடைத்தது.

1956இல் சயன்ஸ் இதழில் அவர் இக்கருத்தை மீண்டும் வலியுறுத்தியபோது, அதே ஆண்டு அதே இதழில் சிட்னி வைன்ஹவுஸ் மறுத்தார்: கட்டிச் செல்கள் நன்றாகவே சுவாசிக்கின்றன. பிரிட்டன் சான்ஸின் நிறமாலை அளவீடுகளும் அதையே காட்டின. வார்பர்க் கடைசிவரை அசைந்துகொடுக்கவில்லை. பிறகு புற்றுநோய் மரபணுக்களின் காலம் வந்தது. வளர்சிதை மாற்றம் ஓரங்கட்டப்பட்டது.

அதற்கு மறுவாழ்வு தந்தது மருத்துவமனை. குளுக்கோஸைப் போன்ற கதிரியக்கப் பொருளான எஃப்டிஜியை 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். செல்லுக்குள் புகும் எஃப்டிஜி முதல் படியோடு நின்றுவிடும். மேற்கொண்டு உடைக்க முடியாது, வெளியேறவும் முடியாது. சர்க்கரையை அள்ளிக் குடிக்கும் கட்டி பெட் ஸ்கேனில் ஒளிர்வது இதனால்தான். மூளையும் சிறுநீர்ப்பையும் கூடத்தான் ஒளிரும்; மெதுவாக வளரும் புராஸ்டேட் புற்று பெரும்பாலும் ஒளிராது. ஒளிர்வதெல்லாம் புற்றும் அல்ல, ஒளிராதது நலமும் அல்ல.

இன்றைய விளக்கம் வேறு. வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்களே குளுக்கோஸ் உறிஞ்சுதலை முடுக்கிவிடுகின்றன. மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்து, புதிய செல்லைக் கட்டத் தேவையான மூலப்பொருள்களைத் தருகிறது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2015இல் இதற்குத் தெளிவான சான்று தந்தனர். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ நீக்கப்பட்ட புற்றுநோய்ச் செல்களை எலிகளுக்குச் செலுத்தியபோது கட்டி தாமதமாகவே வளர்ந்தது. வளர்ந்த கட்டியின் செல்கள் எலியின் சொந்தச் செல்களிடமிருந்து மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் பெற்றிருந்தன.

வார்பர்க் சொன்னதற்கு நெருங்கி வரும் அரிய புற்றுநோய்களும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் நொதிக்குரிய மரபணு பழுதானால் பாராகாங்கிளியோமா என்னும் கட்டி பரம்பரையாக வருவது 2000இல் தெரியவந்தது. ஃபியூமரேஸ் பழுதும் ஒருவகைச் சிறுநீரகப் புற்றும் தொடர்புடையவை என்பது 2002இல் தெளிவானது. ஆனால் இங்கும் கேடு செய்வது ஆற்றல் பற்றாக்குறை மட்டுமல்ல. தேங்கும் சக்சினேட்டும் ஃபியூமரேட்டும் மரபணுக்களை இயக்கும் நொதிகளைத் தடுமாற வைக்கின்றன.

மைட்டோகாண்ட்ரியா உண்மையாகவே பழுதாகும்போது வருபவை பெரும்பாலும் வேறு நோய்கள். சுவீடனின் ரோல்ஃப் லுஃப்ட் 1962இல் விரிவாக விவரித்த பெண்ணுக்கு எப்போதும் வியர்வை. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. தைராய்டில் குறை ஏதும் இல்லை. அவரது தசையின் மைட்டோகாண்ட்ரியா உணவை எரித்தும் ஏடிபியாகச் சேமிக்காமல் வெப்பமாக வீணடித்தது. மனித மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் 16,569 எழுத்துகளும் 1981இல் படிக்கப்பட்டன. 1988இல் தசை நோய்களுக்கும், இளைஞர்களின் பார்வையைப் பறிக்கும் லெபர் நோய்க்கும் காரணமான பிழைகள் அதில் கண்டறியப்பட்டன. இதனிடையே கலிஃபோர்னியாவில் 1980களின் தொடக்கத்தில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தைச் செலுத்திக்கொண்ட இளைஞர்கள் பார்க்கின்சன் நோயாளிகளைப் போலத் திடீரென உடல் விறைத்துப்போனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் நொதித் தொகுதியை முடக்கும் நஞ்சாக உடலில் மாறுவது பின்னர் தெரிந்தது. பார்க்கின்சன் நோய் ஆய்வு அங்கிருந்துதான் மைட்டோகாண்ட்ரியாவின் பக்கம் திரும்பியது.

அதே முதல் தொகுதியைத் தடுத்துப் புற்றுநோயைத் தாக்கும் முயற்சி இதுவரை கைகொடுக்கவில்லை. அதற்கென உருவாக்கிய ஒரு மருந்து நரம்புகளைப் பாதித்து, இரத்தத்தில் லாக்டேட்டையும் ஏற்றியதால் முதற்கட்டச் சோதனையிலேயே நிறுத்தப்பட்டது. அந்தத் தொகுதியை லேசாகத் தடுக்கும் மெட்ஃபார்மின், சர்க்கரை நோயில்லாத மார்பகப் புற்று நோயாளிகள் 3,600க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டது. நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை என 2022இல் முடிவு வெளியானது. சர்க்கரையை விட்டால் கட்டி பட்டினியில் சாகும் என்ற பரவலான அறிவுரைக்கும் ஆதாரம் இல்லை. உணவில் குறைந்தால், கல்லீரல் தானே குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் விடும்.