ஐகான்: கறுத்த பலகைக்குள் ஒளிந்திருந்த வண்ணங்கள்

ஐகான் என்றவுடன் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது கணினித் திரையில் இருக்கும் குட்டிப் படங்கள்தான். ஆனால் அந்தச் சொல் கணினியை விட மிகப் பழையது. கிரேக்க மொழியில் 'எய்கோன்' என்றால் உருவம் அல்லது சாயல். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் மரப்பலகையில் வரைந்து வணங்கும் இயேசு, மரியாள், புனிதர்கள் ஆகியோரின் படங்களுக்குப் பல நூற்றாண்டுகளாக அதுதான் பெயர். எகிப்தில் சினாய் மலை அடிவாரத்தில் உள்ள புனித கேத்தரின் மடாலயத்தில், 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இயேசுவின் ஐகான் ஒன்று இன்றும் இருக்கிறது.

இன்று ஐகான் வரைபவர்கள் எல்லோரும் துறவிகளோ தொழில்முறை ஓவியர்களோ அல்ல. பல நாடுகளில் சாதாரண மனிதர்கள் பொழுதுபோக்காக வகுப்புகளுக்குப் போய், ஒரு பலகை, சாக்குப் பொடி, பசை, முட்டை இவற்றைக் கொண்டு பழைய முறையிலேயே வரையக் கற்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது ஆயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் கைமாறி வந்த வித்தை போலத் தோன்றும். உண்மை அப்படியில்லை. 20ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் இந்த வித்தை கிட்டத்தட்ட அறுந்தே போனது. அது எப்படித் தப்பியது?

பலகையில் தொடங்கும் வேலை

செய்முறையைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கதை புரியும். ரஷ்யாவில் பெரும்பாலும் லின்டன் மரப்பலகையைத்தான் பயன்படுத்தினார்கள். பலகை வளையாமல் இருக்கப் பின்புறம் குறுக்குச் சட்டங்கள் பொருத்துவார்கள். முன்புறம் மெல்லிய துணியை ஒட்டுவார்கள். அதன் மேல், விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசையில் சாக்குப் பொடியைக் கலந்து வெள்ளைப் பூச்சு பூசுவார்கள். ஒரு மெல்லிய அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் வெடித்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் பொறுமையைக் கற்பது இங்கேதான்!

காய்ந்த பூச்சை வழவழப்பாகத் தேய்த்து, உருவத்தைக் கோடுகளாக வரைந்து, தங்கத் தகடு ஒட்டிய பிறகே வண்ணம். மண்ணிலிருந்தும் கனிமங்களிலிருந்தும் கிடைக்கும் நிறப்பொடியை முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்துத் தீட்டுவார்கள். முகம் வரையும் முறை விசித்திரமானது. முதலில் முகம் முழுவதும் பச்சை கலந்த கரும்பழுப்பு. அதன் மேல் படிப்படியாக வெளிர் நிறங்கள். அதாவது இருளிலிருந்து வெளிச்சத்தை நோக்கி வரைகிறார்கள். கடைசியாக, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பூசி முடிப்பார்கள். அதை ரஷ்யர்கள் 'ஒலிஃபா' என்பார்கள்.

காத்த எண்ணெயே மறைத்தது

ஒலிஃபா பூசியதும் வண்ணங்கள் பளிச்சென்று தெரியும். ஆனால் காலப்போக்கில் அந்த எண்ணெய் கறுத்துவிடும். மெழுகுவர்த்திப் புகையும் சேர்ந்துகொள்ளும். நூறு ஆண்டுகளுக்குள் படம் மங்கலாகிவிடும். அப்போது என்ன செய்வார்கள்? அந்தக் கறுப்பின் மேலேயே அதே உருவத்தைப் புதிதாக வரைந்து மீண்டும் எண்ணெய் பூசுவார்கள். இப்படி ஒரே பலகையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல படங்கள். அது போதாதென்று, முகமும் கைகளும் மட்டும் தெரியும்படி உலோக உறை வேறு!

1551இல் மாஸ்கோவில் கூடிய திருச்சபைச் சங்கம், ஆந்த்ரேய் ருப்லியோவைப் போன்ற பழைய ஓவியர்களைப் பின்பற்றியே ஐகான் வரைய வேண்டும் என்று விதித்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ருப்லியோவின் உண்மையான வண்ணங்களைக் கண்ணால் கண்டவர் யாருமே இல்லை. ஐகான் என்றாலே இருண்ட பழுப்பு நிறப் படம் என்றுதான் படித்தவர்களும் நினைத்தார்கள்.

1904இல் வாசிலி குரியானோவ் என்பவர், ருப்லியோவின் புகழ்பெற்ற 'திரித்துவம்' ஐகானின் உறையைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தொடங்கினார். ஆபிரகாமிடம் வந்த மூன்று தேவதூதர்களைக் காட்டும் படம் அது. பழுப்பு அடுக்குகளுக்குக் கீழே தெளிவான நீலம் வெளிப்பட்டது! ஆனால் குரியானோவும் தன் பங்குக்கு மேலே வண்ணம் தீட்டிவிட்டார். படத்தை மறுபடி உறையிட்டும் விட்டார்கள். 1918-19இல்தான் முழுமையாகச் சுத்தம் செய்தார்கள். இதற்கிடையில் 1911இல் மாஸ்கோ வந்த பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பழைய ஐகான்களைக் கண்டு வியந்தார். 1913இல் மாஸ்கோவில் நடந்த கண்காட்சியில், சுத்தம் செய்த ஐகான்களைப் பொதுமக்களும் பார்த்தார்கள்.

புரட்சிக்குப் பிறகு

பழைய ஐகான்களின் அழகு வெளிவந்த அதே காலத்தில் புதிய ஐகான் வரைவதற்கு முடிவு வந்தது. 1917 புரட்சிக்குப் பின் தேவாலயங்கள் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ஐகான் வரைந்த பாலேக் கிராமத்து ஓவியர்களுக்குப் பிழைப்பு போனது. அவர்கள் 1924இல் ஒரு கூட்டுறவு அமைத்து, காகிதக்கூழ்ப் பெட்டிகளின் மேல் நாட்டுப்புறக் கதைக் காட்சிகளை வரையத் தொடங்கினார்கள். அதே மெல்லிய தூரிகை, அதே முட்டை வண்ணம்... புனிதர்கள் மட்டும் இல்லை!

அருங்காட்சியகங்களில் பழைய ஐகான்களைச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் தொடர்ந்தது. அதுவும் ஆபத்தில்லாத வேலை அல்ல. திரித்துவ மடாலயத்தின் ஐகான்களை ஆராய்ந்த யூரி ஒல்சூஃபியேவ் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தச் சூழலில்தான் மரியா சொகொலோவா (1899-1981) வருகிறார். பாதிரியாரின் மகளான இவர், பழைய ஐகான்களையும் சுவரோவியங்களையும் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தார். பின்னர் புதுப்பிப்புக் கலைஞர் வாசிலி கிரிகோவிடம் வேலை கற்றார். புதுப்பிப்பவர் ஒரு பலகையை மேலிருந்து கீழாக, அடுக்கடுக்காகத் திறக்கிறார். எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் வந்தது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதையே தலைகீழாகச் செய்தால் ஐகான் வரையும் முறை! ஆசிரியர்கள் அரிதாகிப்போன காலத்தில் பழைய பலகைகளே பாடப்புத்தகம் ஆயின.

1946இல் திரித்துவ மடாலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது, அங்கே புதுப்பிப்பு வேலைக்கு அவரை அழைத்தார்கள். 1950களின் பிற்பகுதியில், அங்குள்ள இறையியல் கல்விக்கழக மாணவர்களுக்காக ஓர் ஐகான் குழுவைத் தொடங்கினார். பள்ளி அல்ல, பட்டம் அல்ல, ஒரு சிறு குழு அவ்வளவுதான். அதில் சேர்ந்தவர்கள் தேர்ந்த ஓவியர்கள் அல்ல, ஆர்வலர்கள். 1970இல் அவர் ரகசியமாகத் துறவு ஏற்று யூலியானியா என்ற பெயர் பெற்றார். 1990இல் அதே கல்விக்கழகத்தில் முறையான ஐகான் பள்ளி தொடங்கியபோது, அதற்கு அடித்தளமாக இருந்தது அந்தச் சிறு குழுதான்.

ரஷ்யாவுக்கு வெளியேயும் இதே கதை நடந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய லியோனித் உஸ்பென்ஸ்கி (1902-1987), பல்கேரியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பின்னர் பாரிஸ் போய் ஓவியம் படித்து, ஐகான் பக்கம் திரும்பினார். அங்கே அவர் சுமார் 40 ஆண்டுகள் ஐகான் வரையக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்கள் வழியாகவும் அவருடைய நூல்கள் வழியாகவும் இந்த முறை மேற்கு நாடுகளில் பரவியது.

நகல் எடுப்பது குறையா?

ஐகான் வகுப்பில் சேர்பவருக்கு முதல் வேலை, பழைய ஐகான் ஒன்றை அப்படியே நகல் எடுப்பது. "சொந்தக் கற்பனை இல்லாத இது என்ன கலை?" என்று சிலர் கேட்பதுண்டு. மேலே சொன்ன வரலாறு அதற்குப் பதில் தருகிறது. பட்டறைகளும் ஆசிரியர்களும் இல்லாமல் போன காலத்தில் இந்தக் கலையை உயிரோடு வைத்திருந்தது நகல் எடுத்தவர்களின் கைகள்தான்.

ஆக, தன் முதல் பலகையில் பூச்சு வெடித்துப்போய் மறுபடி சாக்குப் பொடி கரைக்கும் ஓர் ஆர்வலரும் அந்த வரிசையில் வருபவர்தான். பழைய ஐகான்களில் பெரும்பாலானவற்றில் ஓவியரின் பெயர் இருக்காது. வேலை சரியாக அமைந்தால் படம் இருக்கும், செய்முறை அடுத்தவர் கைக்குப் போகும். அதுவே போதும் என்று அவர்கள் நினைத்தார்கள்.