வெறுமையாக்குதல்: ஓர் இலத்தீன் சொல்லின் வரலாறு



இயேசு தம்மையே வெறுமையாக்கினார் என்று பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதியதைக் குருத்து ஞாயிறன்று இரண்டாம் வாசகத்தில் கேட்கிறோம். நம் காதுக்கு அது மென்மையான சொல். இலத்தீனில் கேட்டவர்களுக்கு அப்படி இருந்திருக்காது.

வுல்காத்தா விவிலியத்தில் அங்கே உள்ள வினைச்சொல் 'எக்சினானிரே'. 'இனானிஸ்' என்றால் காலியான, ஒன்றுமில்லாத என்று பொருள். சிசரோவின் பேச்சிலோ, அரசர்களையும் மக்களினங்களையும் சுரண்டி ஒன்றுமில்லாமல் ஆக்குவதைச் சொல்ல இச்சொல் வருகிறது. திருப்பாடல் 137-இல் எருசலேமைத் தரைமட்டமாக்கச் சொல்லி ஏதோமியர் கூச்சலிடுகிறார்களே, வுல்காத்தாவில் அங்கேயும் இதே வினைதான், அதுவும் இருமுறை!

கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், மார்சியோனுக்கு எதிராக எழுதிய நூலில் பவுலின் இவ்வரிக்கு வேறொரு வினையை எடுத்தார். அது தண்ணீரை இறைத்து வற்றச் செய்வதைக் குறிப்பது. கிணறு இறைத்துப் பழகிய நமக்கு அதுவே நெருக்கமாகப் படுகிறது. ஆனாலும் வழிபாட்டில் நிலைத்தது கொள்ளையின் வாடை வீசும் சொல்தான்.

கொள்ளையில் எடுப்பவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர். இங்கோ இருவரும் ஒருவரே. அப்படியானால், எல்லாவற்றையும் கொடுத்தவரிடம் இறைத்தன்மை எஞ்சியிருந்ததா? இக்கேள்வியால் திருச்சபை பிளவுபடும் நிலைக்கு வந்தபோது, பெரிய சிங்கராயர் என்று நாம் அழைக்கும் திருத்தந்தை முதலாம் லியோ, 449-இல் கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் பிளாவியானுக்குக் கடிதம் எழுதினார். அந்த வெறுமையாக்கல் இரக்கத்தினால் குனிந்தது, வல்லமை குன்றியதல்ல என்பது அதில் அவர் தந்த விளக்கம். 451-இல் கல்சேதோன் பொதுச்சங்கத்தில் அது வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது.

நான்கே ஆண்டுகள் கழித்து, 455-இல், வாண்டலர்கள் உரோமைக்குள் புகுந்தார்கள். தீ வைக்காமலும் கொலை செய்யாமலும் இருக்கும்படி அவர்கள் அரசனிடம் கெஞ்சத்தான் லியோவால் முடிந்தது. பதினான்கு நாள் நகரம் சூறையாடப்பட்டது. ஆலயங்களின் வெள்ளிப் பாத்திரங்களும் போயின. லியோ எழுதிய சொல்லின் பழைய பொருள் அவருடைய வாசலுக்கே வந்துவிட்டது.

அதன்பின் அவர் செய்ததைத் திருத்தந்தையரின் பழைய வரலாற்று நூல் குறித்து வைத்திருக்கிறது. லாத்தரன், புனித பேதுரு, புனித பவுல் பேராலயங்களில் கான்ஸ்டன்டைன் பேரரசர் காணிக்கையாகக் கொடுத்த ஆறு பெரிய வெள்ளி நீர்க்குடங்கள் தப்பியிருந்தன. ஒவ்வொன்றும் நூறு ராத்தல் எடை. அந்த ஆறையும் அவர் உருக்கச் செய்தார். உரோமையின் பங்கு ஆலயங்கள் அனைத்துக்கும் திருப்பலிப் பாத்திரங்கள் அதிலிருந்து கிடைத்தன.